நியூரோசிந்த்: மூளைப் படிம ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டும் இலவசத் தளம் எப்படி இருக்கிறது?

2011-ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளியான கட்டுரை ஒன்று, ஐபோன் ஒலிப்பதைக் கேட்டவர்களின் மூளையில் இன்சுலா என்னும் பகுதி செயல்பட்டதை வைத்து, மக்கள் தங்கள் கைபேசியை உண்மையாகவே காதலிக்கிறார்கள் என்று முடிவு கட்டியது. உடனே நாற்பதுக்கும் மேற்பட்ட நரம்பியல் ஆய்வாளர்கள் கையெழுத்திட்டு மறுப்பு எழுதினார்கள். மூளைப் படிம ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்கு வரை தலைகாட்டும் ஒரு பகுதியை எப்படிக் காதலின் இருப்பிடமாகக் கொள்ள முடியும் என்பது அவர்கள் கேள்வி. இந்த வாதத்தை இன்று எந்த வாசகரும் தம் கணினியிலேயே சோதித்துப் பார்க்கலாம். அதற்கு வழிசெய்யும் தளம்தான் நியூரோசிந்த். பதிவோ கட்டணமோ கிடையாது.

தளத்தின் பயனை உணர, எஃப்எம்ஆர்ஐ என்னும், மூளையின் செயல்பாட்டைக் காந்தப் புலத்தால் எடுக்கும் படம் எதை அளக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நரம்பணுக்களின் மின்துடிப்பை அது நேரடியாகப் பார்ப்பதில்லை. வேலை செய்யும் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும்போது, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினுக்கும் உள்ள காந்தப் பண்பு வேறுபாட்டை அது பிடிக்கிறது. பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா 1990-இல் விளக்கிய இந்த விளைவு, மனித மூளை ஆய்வில் 1992 முதல் பயன்பட்டு வருகிறது. இதில் கிடைக்கும் சமிக்ஞை மிகச் சிறியது. நிகழ்வுக்குச் சுமார் ஐந்து வினாடிகள் பிந்தித்தான் உச்சத்தைத் தொடும். போதாததற்கு, ஒரே படத்தில் பல்லாயிரம் புள்ளிகளைத் தனித்தனியே சோதிப்பதால், கணக்கில் கவனம் பிசகினால் இல்லாத செயல்பாடும் தென்பட்டுவிடும். இறந்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, அதன் மூளையிலும் 'செயல்பாடு' காட்டி, கிரெய்க் பென்னெட் குழுவினர் 2009-இல் இதை நிரூபித்தார்கள். ஆகவே தனியொரு ஆய்வின் வண்ணப் படத்தை நம்புவதைவிட, ஆயிரக்கணக்கான ஆய்வுகள் எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது நல்லது.

ஆய்வாளர் டால் யார்கோனியும் அவருடைய சகாக்களும் 2011-இல் அறிமுகப்படுத்திய இந்தத் தளம் அதைத்தான் தானியங்கியாகச் செய்கிறது. ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளிலிருந்து மூளைப் புள்ளிகளின் ஆயத்தொலைவுகளை, அதாவது அவை மூளையில் எங்கே இருக்கின்றன என்று காட்டும் மூன்று எண்களை, கணினி நிரல் எடுத்துக்கொள்கிறது. கட்டுரையில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்றும் எண்ணுகிறது. பிறகு இரண்டையும் இணைக்கிறது. 14,371 ஆய்வுகள், 1,334 சொற்கள், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் என்பது அதன் இருப்பு.

பயன்படுத்துவது எளிது. ஆங்கிலத்தில் 'வலி' என்று தேடினால், மூன்று கோணங்களில் வெட்டிய மூளைப் படத்தின்மேல் தொடர்புடைய இடங்கள் வண்ணத்தில் தெரிகின்றன. கீழே அதற்கு அடிப்படையான ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் பட்டியல் வருகிறது. எதிர்த்திசையிலும் போகலாம். –22, –4, –18 என்று ஆயத்தொலைவைக் கொடுத்தால், உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் இடப்பக்கத்துக்குப் போய், அச்சம், உணர்ச்சி போன்ற சொற்கள் அங்கே வலுவாக இணைந்திருப்பதைக் காட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இந்த எதிர்த்திசைத் தேடல்தான். செய்தித்தாளில் 'இந்தப் பகுதிதான் பேராசைக்குக் காரணம்' என்று படித்தால், அதே இடத்தில் வேறு என்னென்ன சொற்கள் குவிந்திருக்கின்றன என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பெரும்பாலும் தலைப்புச் செய்தியின் காற்று இறங்கிவிடும்.

புதியவர்கள் தடுமாறும் இடம், ஒவ்வொரு சொல்லுக்கும் தளம் தரும் இரண்டு வரைபடங்கள். முதலாவது, அந்தச் சொல்லைப் பேசும் ஆய்வுகளில் ஒரு புள்ளி சீராகத் தோன்றுகிறதா என்று கேட்கிறது. மற்றது, அந்தச் சொல்லைப் பேசாத ஆய்வுகளைவிட அங்கே அது மிகுதியாகத் தோன்றுகிறதா என்று ஒப்பிடுகிறது. இன்சுலா போல எங்கும் வரும் பகுதிகளை எடைபோட இரண்டாவதே உதவும். ஆனால் அதுவும் 'இந்தப் பகுதி செயல்பட்டால் இந்த மனநிலைதான்' என்ற தீர்ப்பு அல்ல. ஆய்வாளர்களுக்கே இதில் சண்டை வந்தது. லீபர்மன், ஐசன்பெர்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 2015-இல் இத்தளத்தின் தரவை வைத்து, முன்புற சிங்குலேட் புறணி என்னும் மூளைப் பகுதியின் மேற்பகுதி வலிக்கே உரியது என்று எழுதியபோது, அந்த முடிவைத் தரவு தாங்காது என்று மறுத்தவர்களில் முதன்மையானவர் தளத்தை உருவாக்கிய யார்கோனியே. தன் கருவி எதைச் சொல்லாது என்பதைக் கருவியின் ஆசிரியரே எடுத்துச் சொன்னது என் கண்ணில் பெரிய நற்சான்று.

குறைகளும் சிறியவை அல்ல. அட்டவணையில் உள்ள புள்ளி செயல்பாடு கூடியதைக் குறிக்கிறதா, குறைந்ததைக் குறிக்கிறதா என்று நிரலுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே கணக்கில் விழுகின்றன. ஒரு கட்டுரையில் ஐந்து சோதனைகள் இருந்தால் அவற்றையும் அது பிரித்தறியாது. நினைவாற்றல் என்ற சொல் அடிக்கடி வந்தால், ஆய்வாளர் உண்மையில் அதைத்தான் சோதித்தாரா என்று பார்க்காமலேயே அந்தக் கணக்கில் சேர்த்துவிடும். இத்தனை ஆயிரம் கட்டுரைகளில் இந்தப் பிசகுகள் பெரும்பாலும் அமுங்கிவிடுகின்றன என்பது உண்மை. ஆனாலும் நுட்பமான கேள்விகளுக்கு, எடுத்துக்காட்டாகக் குற்ற உணர்வையும் வெட்கத்தையும் பிரித்துக் கேட்பதற்கு, இது ஏற்றதன்று. நான் பொறுத்துக்கொள்ளாத குறை ஒன்று உண்டு: ஆய்வுகளின் எண்ணிக்கை பல ஆண்டுகளாக அங்கேயே நிற்கிறது.

தீவிரமாக வேலை செய்பவர்களுக்கு, கட்டுரைகளைத் தாமே தேர்ந்து சேர்த்து ஆராயும் வசதியுள்ள நியூரோசிந்த் கம்போஸ் என்ற புதிய தளம் இருக்கிறது. அது பொறுமை கேட்கிறது, ஆனால் மேலே சொன்ன குறைகள் பலவற்றைப் பயனரின் கையிலேயே திருத்தக் கொடுக்கிறது. உளவியல் மாணவர்கள், அறிவியல் செய்தி எழுதுபவர்கள், மூளை பற்றிய செய்திகளைச் சந்தேகத்தோடு படிப்பவர்கள் ஆகியோர் பழைய தளத்திலேயே தொடங்கலாம். இரண்டாவது வரைபடம் தேர்வாகியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.