ஸ்நார்க்கலுக்கும் ஸ்கூபாவுக்கும் ஒரே ஜோடி ஃபின்ஸ்: குதிகால் மூடியதா, திறந்ததா?

வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் மட்டும் கடலில் இறங்குகிறவர், மூச்சுக்குழாயோடு மேற்பரப்பில் நீந்தும் ஸ்நார்க்கலுக்கு ஒன்று, காற்றுச் சிலிண்டரோடு மூழ்கும் ஸ்கூபாவுக்கு ஒன்று என இரண்டு ஜோடி ஃபின்ஸ் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) வாங்கத் தேவையில்லை. ஒன்றே போதும். அந்த ஒன்று எது என்றால், நான் தேர்ந்தெடுத்தது 3 மி.மீ. பூட்டியோடு (நியோப்ரீன் என்ற நுரை ரப்பரால் ஆன காலணி) போடும், குதிகாலை ஸ்ட்ராப் பிடித்துக்கொள்ளும் திறந்த குதிகால் வகை.

முதலில் நீரைத் தள்ளும் தகட்டை முடித்துவிடலாம். ஸ்நார்க்கலுக்கென்றே விற்கும் குட்டை ஃபின் வேண்டாம். ஸ்கூபா சிலிண்டரும் மிதவை ஜாக்கெட்டும் சேர்ந்து நீரில் இழுக்கும்போது, சிறு எதிர் நீரோட்டத்தில்கூட அது தள்ளாது. தகடு நடுவில் பிளந்த ஸ்ப்ளிட் வகை முழங்காலுக்கு இதம்தான், ஆனால் தவளை உதைப்புக்கும் பின்னோக்கி நகர்வதற்கும் சரிவராது. நடுத்தர விறைப்புள்ள, பிளவில்லாத தகடு ஸ்நார்க்கல், ஸ்கூபா இரண்டுக்கும் போதும்.

குதிகாலையும் ரப்பரே சுற்றி மூடும், வெறுங்காலில் போடும் மூடிய குதிகால் வகைக்கு நியாயமான காரணங்கள் உண்டு. எடை குறைவு, விலையும் குறைவு, காலோடு ஒட்டி நிற்பதால் உதைப்பின் பலம் வீணாகாது. அந்தமானின் வெதுவெதுப்பான நீரில் குளிருக்காகப் பூட்டி தேவைப்படாது. விமானத்தில் 15 கிலோ சாமான்தான் என்றால், பூட்டியோடு கூடுதலாக ஏறும் ஒரு கிலோ உறுத்தத்தான் செய்யும். எப்போதும் படகிலிருந்தே குதிப்பவர் இதையே வாங்கலாம்.

என்னைத் திறந்த குதிகால் பக்கம் சாய்ப்பது பாதம் நுழையும் பைதான். மூடிய வகை 40/41, 42/43 என்று இரண்டிரண்டு அளவாக வரும். இடைப்பட்ட பாதத்துக்கு ஒன்று கட்டைவிரல் நசுங்கும், இல்லையென்றால் குதிகால் வழுக்கும். வழுக்கினால் அரைமணி நேரத்தில் கொப்புளம். நசுங்கினால் உள்ளங்கால் மரத்துப்போய்த் தசை பிடித்துக்கொள்ளும். ஒரு அளவு கூட்டி வாங்கி 2 மி.மீ. நியோப்ரீன் காலுறை போட்டால் ஓரளவு சரியாகும். ஆனால் குதிகால் ரப்பர் ஒருமுறை கிழிந்தால் ஒட்டி நம்ப முடியாது. தகடு புதிதாக இருந்தாலும் அந்த ஃபின் போனது போனதுதான்.

திறந்த வகையில் தேய்வதும் அறுவதும் ஸ்ட்ராப். அதை மட்டும் மாற்றினால் போதும். ரப்பர் ஸ்ட்ராப்பும் பிளாஸ்டிக் பக்கிளும் வருகிற ஃபின்னை வாங்கினால், அதைக் கழற்றிவிட்டு ஸ்டீல் ஸ்பிரிங் ஸ்ட்ராப் மாட்டிவிடுங்கள். பக்கிள் உடையும் பிரச்சினையே போகும். ஒன்று கவனிக்க வேண்டும்: பெரும்பாலான ஸ்பிரிங் ஸ்ட்ராப்களின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. பூட்டி போட்ட காலுக்கு அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். அதே பூட்டியை மாட்டி, பாதத்தை நுழைத்து, ஸ்ட்ராப் போடாமல் காலைத் தூக்கி உதறிப் பாருங்கள். ஃபின் உடனே கழன்று விழுந்தால் பை பெரிது. பக்கவாட்டில் ஆடும், கெண்டைக்கால் வலிக்கும்.

பூட்டியின் அருமை கரையில் தெரியும். இலங்கையின் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் கரையெங்கும் உடைந்த பவளத் துண்டுகள். வெறுங்காலில் நடந்து இறங்குவது கொடுமை. படகு ஏணியிலும் திறந்த வகைதான் வசதி: ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி, மறுகையால் ஸ்பிரிங்கை இழுத்துக் கழற்றி மேலே கொடுத்துவிடலாம். அலையில் ஆடிக்கொண்டே மூடிய ரப்பரைக் குதிகாலிலிருந்து உருவ ஒரு கை போதாது.

குறை இல்லாமல் இல்லை. பூட்டி மிதக்கும், ஸ்நார்க்கலில் கால் மேலெழுந்து ஃபின் தண்ணீரை அறையும். முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து உதைத்தால் தகடு நீருக்குள்ளேயே நிற்கும். அலுமினியச் சிலிண்டரில் காற்று குறையக் குறைய அதுவும் மிதக்கப் பார்க்கும், அதோடு மிதக்கும் ஃபின்னும் சேர்ந்தால் கால் தூக்கும். அதனால் நீரில் மெல்ல மூழ்கும் ஃபின்னாகப் பார்த்து வாங்குங்கள். கனத்த முழு ரப்பர் ஃபின் வேண்டாம். அது ஸ்நார்க்கலில் காலை ஓய்த்துவிடும்.

வெறுங்காலிலேயே போடும் ஸ்ட்ராப் ஃபின்களும் இப்போது கிடைக்கின்றன. பயணத்துக்கு அருமை. ஆனால் வெறுங்காலுக்குப் பொருந்திய பையில் பூட்டிக்கால் இறுக்கமாகப் போகும் என்பதால், வெறுங்காலிலும் பூட்டியோடும் மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

எந்த வகையானாலும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். தகட்டு நுனி தரையில் ஊன்றும்படி சுவரில் சாய்த்து வைத்தால் நிரந்தரமாக வளைந்துவிடும். வாங்கும்போது பைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் அச்சைத் தூக்கி எறியாமல், ஃபின்னை எடுத்து வைக்கும்போதெல்லாம் திரும்பச் செருகுங்கள்.