பந்தய சைக்கிளும் கார்பன் வீல்களும்: காருக்குள்ளா, கூரையிலா, பின்புறமா?

கோத்தகிரி ஏற்றத்தில் பயிற்சி செய்யச் சென்னையிலிருந்து காரில் புறப்படுபவர், மேட்டுப்பாளையத்தில் முதல் மிதி மிதிப்பதற்கு முன்பே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தம் சைக்கிளைச் சுமந்து வந்திருப்பார். நான் பழுதான நிலையில் பார்த்த கார்பன் வீல்களில் பல, ஓட்டும்போது விழுந்து கெட்டவை அல்ல. இப்படிச் சுமந்து வரும் வழியில் நசுங்கியவை, சூடு பட்டவை, உராய்ந்தவை. காரில் சைக்கிளை ஏற்றிச் செல்ல உதவும் கேரியரை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஃபிரேம் அசையாமல் நிற்கிறதா என்று மட்டுமே பார்க்கிறார்கள். ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும் வீல்களை வைத்திருப்பவர், பயணம் முழுவதும் அந்த வீலை எது தொடுகிறது, எதன் அருகே அது இருக்கிறது என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

டிக்கிக் கதவில் வார்களால் கட்டி, சைக்கிளின் மேல்குழாயைப் பிடித்துத் தொங்கவிடும் கேரியர்தான் விலை குறைவு. எந்தக் காரிலும் ஏறக்குறைய பொருந்தும். ஆனாலும் பந்தய சைக்கிளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எடை குறைப்பதற்காக மெல்லிய சுவருடன் வார்க்கப்பட்ட கார்பன் குழாய், ஓட்டுபவரின் எடையையும் சாலையின் அதிர்வையும் தாங்கும். பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கும் விசையைத் தாங்குவதற்காக அது செய்யப்படவில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து சைலன்சர். தொங்கும் சைக்கிளின் வீல் அதன் வாய்க்கு நேரே அமைந்துவிட்டால், நெடுஞ்சாலையில் சில மணி நேரம் தொடர்ந்து படும் சூட்டில் டயர் உருகும். ரிம்மின் இழைகளைப் பிணைத்திருக்கும் பிசினும் இளகலாம். என்னுடன் பயிற்சி செய்யும் நண்பர் ஒருவர், பின்வீலின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்பளம் கண்ட பிறகுதான் இதை அறிந்தார். அந்த ரிம்மைச் சரிசெய்ய வழியே இருக்கவில்லை.

கூரைக் கேரியரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் டூர் டி பிரான்சில் அணிகளின் கார்கள் கூரையில் சைக்கிள்களை நிறுத்திச் செல்வதை உதாரணம் காட்டுவார்கள். அங்கே தேவை வேறு: பஞ்சரான வீரருக்கு மாற்று சைக்கிளை மெக்கானிக் சில நொடிகளில் எடுத்துக் கொடுக்க வேண்டும், சாலையும் பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டிருக்கும். நமக்கோ அடித்தள நிறுத்துமிடமும், தாழ்ந்த மரக்கிளையும், விடுதி வாசலின் வளைவும் எதிரே வரும். ஒன்றரை மீட்டர் உயரக் காரின் மேல் ஒரு மீட்டர் சைக்கிள் நிற்பதை 8 மணி நேர ஓட்டுதலுக்குப் பிறகும் நினைவில் வைத்திருப்பது கடினம். இருந்தாலும் முன்வீலைக் கழற்றி, அதைத் தாங்கும் கவையான ஃபோர்க்கைப் பூட்டும் வகைக் கூரைக் கேரியருக்கு ஒரு நன்மை உண்டு: ஃபிரேமை எதுவும் நெரிக்காது, முன்வீல் காருக்குள் வந்துவிடும். பின்வீலையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டு அதன் இடத்தில் ஒரு பழைய அலுமினிய வீலைப் பொருத்தினால் நல்ல வீல்கள் இரண்டும் காற்று, மழை, வார் ஆகிய மூன்றிலிருந்தும் தப்பும். உங்கள் சைக்கிளின் அச்சு பழைய 9 மில்லிமீட்டர் வகையா, 12 மில்லிமீட்டர் திருகு அச்சா என்று பார்த்து, அதற்குரிய பிடிப்பானை வாங்க வேண்டும். காரின் கூரைக் கம்பிகள் எடை தாங்குபவையா, வெறும் அலங்காரமா என்பதையும் காரின் கையேட்டில் உறுதிசெய்து கொள்ள வேண்டும்.

காரின் பின்னால் டிரெய்லரை இழுக்கப் பொருத்தும் இழுவைக் கொக்கியில் மாட்டி, வீல்களைத் தட்டில் நிறுத்தும் பின்புறக் கேரியர் இவற்றைவிட மேலானது. ஏற்றி இறக்க எளிது, ஃபிரேமைத் தொடாத வகைகளும் உண்டு. நம் ஊர்க் கார்களில் அந்தக் கொக்கி அரிது. பொருத்தினாலும் எண் பலகையும் பின்விளக்குகளும் மறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சைலன்சர் சூட்டையும் கவனிக்க வேண்டும்.

ஒருவரோ இருவரோ செல்வதானால் என் தேர்வு காருக்குள்தான். பின்னிருக்கையை மடக்கி, வீல்கள் இரண்டையும் கழற்றினால் சாதாரண ஹேட்ச்பேக்கிலும் சைக்கிள் அடங்கிவிடும். கியரைச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் பின்வீலைக் கழற்றினால் எளிதாக வரும். ஃபிரேமைச் சங்கிலிப் பக்கம் மேலே இருக்கும்படி கிடத்த வேண்டும். இல்லாவிட்டால் கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் வளைந்து, மலையேற்றத்தின் நடுவே கியர் தடுமாறும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில், வீலை எடுத்தவுடன் பிரேக் பேடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் தகட்டைச் செருக மறக்கக் கூடாது. பிரேக் பிடி தெரியாமல் ஒருமுறை அழுந்தினாலும் பேடுகள் ஒட்டிக்கொண்டு வீல் திரும்ப நுழையாது.

வீல்களுக்குத் தனித்தனி மெத்தைப் பை வேண்டும். 28 மில்லிமீட்டர் டயருடன் 68 சென்டிமீட்டர் விட்டமுள்ள வீல், முன்னிருக்கையின் முதுகுக்குப் பின்னே நிமிர்ந்து நிற்கும். அதுவே அதற்குச் சிறந்த இடம். டிக்கியில் படுக்கவைத்து மேலே பெட்டியை ஏற்றினால் முதலில் வளைவது டிஸ்க் தகடு, அடுத்தது ஸ்போக். சங்கிலி எண்ணெய் தகட்டில் படாமலிருக்கச் சங்கிலியைப் பழைய துணியால் சுற்றுவது நல்லது. எண்ணெய் ஊறிய பேடு, இறக்கத்தில் பிடிக்காது.

இம்முறையின் உண்மையான குறை வெயில்தான். மே மாதத்தில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் சாப்பாட்டுக்கு நிறுத்தினால், மூடிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியை எட்டக்கூடும். கார்பன் அதைத் தாங்கும்; ஆனால் 30 டிகிரியில் 68 பிஎஸ்ஐ அடித்த டயர், 60 டிகிரியில் 76 பிஎஸ்ஐயை நெருங்கும். டயரின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி போன்ற உள்விளிம்பு இல்லாத (ஹூக்லெஸ்) ரிம்களுக்கு உச்ச வரம்பு 72.5 பிஎஸ்ஐதான். பசையால் ஒட்டும் ட்யூபுலர் டயர்களில் அந்தப் பசையே இளகும். ஆகவே புறப்படும்போதே காற்றைப் பாதியாகக் குறைத்து, நிழலில் நிறுத்தி, சைக்கிள் வெளியே தெரியாதபடி போர்வையால் மூடிவிட வேண்டும். மேட்டுப்பாளையத்தில் மீண்டும் காற்றடித்து, அச்சைக் குறிப்பிட்ட இறுக்கத்துக்கு முறுக்கி, இரு வீல்களையும் சுழலவிட்டு, தகடு பேடில் உரசும் ஒலி கேட்கவில்லை என்று உறுதியான பிறகு ஏறத் தொடங்கலாம்.