1/12 பியட் 500 கிட்: காரைக்குடி வெயில்லயும் ஐப்பசி ஈரத்துலயும் எப்படித் தாங்குது

இட்டாலெரிங்கிற இத்தாலி மாடல் கம்பெனியோட 1/12 ஸ்கேல் பியட் 500 எஃப் பிளாஸ்டிக் கிட்டை (துண்டு துண்டா வர்றதை நாமளே ஒட்டிக் கட்டுற பொம்மைக் கார்) கட்டி முடிச்சு ரெண்டு மூணு வருஷம் ஆகிப்போச்சு. பெட்டியைத் திறந்த அன்னைக்கே விமர்சனம் எழுதுறவங்க நிறைய இருக்காங்க, ஆனா கட்டி அலமாரியில வச்சு ரெண்டு கோடையும் ரெண்டு மழைக்காலமும் தாண்டுன பிறகு அது எப்படி இருக்குன்னு யாரும் சொல்றதில்ல, அதுவும் நம்ம பக்கத்து வெக்கைக்கு என்ன ஆகும்னு தமிழ்ல தேடுனா ஒண்ணுமே கிடைக்கல, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

முதல்ல அளவு. 1/12னா நிஜக் கார்ல ஒரு அடி, இதுல ஒரு இஞ்ச். கணக்கு ரொம்ப ஈஸி. பியட் 500க்கு 12 இஞ்ச் ரிம், அது மாடல்ல கரெக்டா ஒரு இஞ்ச்சா வந்து நிக்கும். நிஜக் காரே மூணு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, 2.97 மீட்டர்தான், அதனால மாடல் கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டர் நீளம், 11 சென்டிமீட்டர் அகலம். பெரிய ஸ்கேல்ன்னதும் வீட்டுல இடம் இருக்கான்னு பயப்படுறவங்களுக்கு இந்தக் கார் நல்ல தேர்வு, ஏன்னா இதே ஸ்கேல்ல ஒரு பழைய பென்ட்லி எடுத்தீங்கன்னா அது ஒரு தட்டு முழுசும் பிடிச்சுக்கும், வயர் ஸ்போக் வீல் கட்டுறது வேற தனிக் கதை.

கட்டுற வேலை நான் நினைச்சதை விட சுலபம். 1957ல தாந்தே ஜியாகோசா டிசைன் பண்ணி வந்த கார் இது, 1975 வரைக்கும் தயாரிச்சாங்க, இந்த எஃப் மாடல் 65ல வந்தது. அதுக்கு முந்தின 500ல கதவு பின்பக்கம் கீல் வச்சு முன்னாடி திறக்கும், எஃப்ல தான் இப்ப நாம பாக்குற மாதிரி முன்பக்கக் கீல். இன்ஜின் பின்னாடி, 499 சிசி, ரெண்டே சிலிண்டர், காத்துலயே குளிர்றது, ரேடியேட்டர் கிடையாது, தண்ணி ஹோஸ் கிடையாது. மாடல் கட்டுறவனுக்கு இதோட அர்த்தம் என்னன்னா ஸ்பார்க் பிளக் வயர் ரெண்டு, காயில்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒண்ணு, அவ்வளவுதான் முக்கியமான வயரிங். பழைய ஹெட்போன் வயரைப் பிரிச்சு உள்ள இருக்கிற மெல்லிசு வயரை எடுத்தா இந்த ஸ்கேலுக்கு அச்சா பொருந்துது. இதே வேலையை எட்டு சிலிண்டர் அமெரிக்கன் கார்ல பண்ணிப் பாருங்க, கண்ணு பூத்துப் போயிடும்.

எங்க தெருவுல ஒரு மெக்கானிக் அண்ணே இருக்காரு, வாழ்க்கை முழுக்க பியட்டும் அம்பாசடரும் பிரிச்சு மாட்டுனவரு. இன்ஜின் மூடியைத் திறந்து காட்டுனேன், "என்னப்பு இது, பாதி இன்ஜினைக் காணோம்"ன்னாரு. அவருக்குப் பியட்னா பத்மினி, 1089 சிசி, நாலு சிலிண்டர், இன்ஜின் முன்னாடி, தண்ணி கூலிங். முன் பானெட்டைத் தூக்கிக் காட்டுனா பெட்ரோல் டேங்க்கும் ஸ்டெப்னியும் பேட்டரியும் இருக்கு. கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு அடியில குறுக்கால போற அந்த ஒத்தைப் பட்டை ஸ்பிரிங்கைப் பிடிச்சுக்கிட்டாரு, ரெண்டு முன் வீலுக்கும் சேத்து ஒரே பட்டையான்னு கேட்டு, காசு மிச்சம் பிடிச்சிருக்கான் பாருன்னு சிரிச்சாரு. அப்புறம் சீட்டுக்கு நடுவுல கியர் பக்கத்துல இருக்கிற ரெண்டு குட்டி லீவர் என்னன்னு கேட்டாரு. ஒண்ணு சோக், இன்னொண்ணு ஸ்டார்ட்டர், சாவியைத் திருப்பிட்டு லீவரை இழுத்தாத்தான் ஸ்டார்ட் ஆகும்னு சொன்னதும் நம்பவே இல்ல. பெரிய ஸ்கேலுக்குக் காசு போடுறதே இதுக்குத்தான்னு நான் சொல்லுவேன், 1/24ல இதெல்லாம் அச்சுல ஒரு மேடு, இதுல தனித்தனி உறுப்பு, ஒவ்வொண்ணா ஒட்டும்போது கார் எப்படி ஓடுதுங்கிறது கை வழியாவே புரிஞ்சிடுது.

இனி பெயிண்ட். இந்தப் பதிவோட முக்கால்வாசி இதுதான், ஏன்னா நம்ம ஊர்ல மாடல் நல்லா வர்றதும் கெடுறதும் பெயிண்ட்லதான்.

ஹாபி பெயிண்ட் வெளிய இருந்து வரவழைக்கிறது தலைவலி, தீப்பிடிக்கிற சரக்குன்னு ஏர்ல ஏத்த மாட்டான். நான் பாடிக்கு மட்டும் காரைக்குடியிலேயே கார் பெயிண்ட் கடையில என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் கிரீம் கலர்ல கலந்து வாங்கினேன், மேல 2கே கிளியர், அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கிற நிறமில்லாத மேல்பூச்சு. ஆனா என்சி தின்னர் நேரா பிளாஸ்டிக் மேல பட்டா பாலிஸ்டைரீனை அரிச்சு மேல்பரப்பு சொரசொரன்னு ஆயிடும், அதனால முதல்ல பிளாஸ்டிக் பிரைமர், அதுவும் தூத்தல் போட்ட மாதிரி மெல்லிசா, காயவிட்டு காயவிட்டு. முதல் பூச்சையே ஈரமா அடிச்சா கதை முடிஞ்சது. 2கே அடிக்கிறப்ப கார்ட்ரிட்ஜ் மாஸ்க் கண்டிப்பா வேணும், அதுல இருக்கிற ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பதம் பாத்துடும், துணி மாஸ்க்கெல்லாம் ஆகாது.

அடுத்தது எந்த மாசம். ஆடியில பெயிண்ட் தொடவே கூடாது, காத்துல வர்ற செம்மண் தூசி அத்தனையும் ஈரப் பெயிண்ட்ல வந்து உக்காரும். ஐப்பசி கார்த்திகையில வேற பிரச்சனை, தின்னர் சட்டுன்னு ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து காத்துல இருக்கிற ஈரம் அங்க படியுது, காஞ்ச பிறகு பால் ஊத்துன மாதிரி வெள்ளை பூத்து நிக்கும். ரிட்டார்டர் (காயுறதைத் தாமதப்படுத்துற திரவம்) கலந்த தின்னரை மேல லேசா அடிச்சா பெரும்பாலும் தெளிஞ்சிடும், ஆனா எதுக்கு அந்த வம்பு. சித்திரை வைகாசி உச்சி வெயில்ல இன்னொண்ணு, பெயிண்ட் கன்னை விட்டு வெளிய வந்து பாடியைத் தொடுறதுக்குள்ள பாதி காஞ்சு மணல் மணலா விழும். மிச்சம் இருக்கிறது தை, மாசி, பங்குனி முதல் பாதி. காலையில பனி விலகி வெயில் ஏறுறதுக்கு நடுவுல உள்ள நேரம்தான் பெஸ்ட்.

பாலிஷ் பத்திச் சொல்லணும்னா நம்ம பக்கம் பழைய வீட்டுச் சுவரைத்தான் சொல்லணும். சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு சேத்து, பூச்சுக்கு மேல பூச்சா போட்டு, கல்லை வச்சுத் தேய் தேய்னு தேச்சு கண்ணாடியாக்குனாங்கல்ல, இதுவும் அதே பொறுமைதான். கிளியர் நல்லா கெட்டிப்பட ஒரு வாரம் விட்டுட்டு 1500, 2000 வாட்டர் பேப்பர், அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட். ஓரங்கள்ல மட்டும் கையை எடுத்துடுங்க, அங்க பெயிண்ட் மெல்லிசா இருக்கும், ரெண்டு தேய்ப்புல பிரைமர் தெரியும்.

கண்ணாடிப் பாகம் எதுலயும் சூப்பர் குளூ வேண்டாம், அதோட ஆவி கண்ணாடி மேல வெள்ளையா படியும். சாதா பெவிகால் போதும், காஞ்சா தெளிவாயிடும், மிச்சத்தை ஈரத்துணியால துடைச்சுக்கலாம். உள்ள ஒட்டுறதுக்கெல்லாம் எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் (தண்ணி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் பசை), இடுக்குல பிரஷை வச்சாலே தானா உறிஞ்சிக்கும். போட்டோ எட்ச் துண்டுகளை (மெல்லிசு உலோகத் தகடு உறுப்புகள்) ஒட்டுறப்ப கீழ வெள்ளை வேட்டியோ பெட்ஷீட்டோ விரிச்சுக்கங்க. ஆத்தங்குடி கல் தரையில ஒரு குட்டி உறுப்பு விழுந்துச்சுன்னா அந்தப் பூ டிசைனுக்குள்ள அது போற இடம் தெரியாது, அதை அழகுக்குன்னு போட்டவங்க மாடல் கட்டுறவனை நினைச்சுப் பாக்கல.

சரி, இத்தனை நாள்ல என்ன ஆச்சு? பாடி பெயிண்ட் அப்படியே இருக்கு, வெடிப்பு இல்ல. கிளியர் ஜன்னல் பக்கம் பாத்த சைடுல மட்டும் ஒரு துளி மஞ்சள் தட்டுன மாதிரி எனக்குத் தெரியுது, வீட்டுல கேட்டா எல்லாரும் ஒரே கலர்தான்ங்கிறாங்க, கிரீம் கலர் எடுத்ததுல அது ஒரு லாபம். கிட்ல வர்ற குரோம் பளபளப்பு நிஜ குரோம் முலாம் கிடையாது, பொதுவா பிளாஸ்டிக் கிட்டுகள்ல வெற்றிடத்துல அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைக்கிறதுதான். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு இதை குரோம்னு சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு. விரல் ரேகை பட்டா மங்கும், அதனால துடைக்கவே துடைக்காதீங்க, மேக்கப் பிரஷால தூசியைத் தட்டுங்க.

டயர் தான் நீண்ட நாள் எதிரி. மெத்துன்னு இருக்கிற வினைல் டயர், எந்த கம்பெனியா இருந்தாலும், அதுல இருக்கிற பிளாஸ்டிசைசர் மெதுவா கசிஞ்சு தொட்டுக்கிட்டு இருக்கிற பிளாஸ்டிக் ரிம்மை இளக்கும், சூடு கூடினா வேகமும் கூடும். பழைய கிட் வச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட ரிம்மும் டயரும் ஒண்ணா உருகிப் பிடிச்சுக்கிட்டதைக் கண்ணால பாத்திருக்கேன். அதனால ரிம்முல சமையல் ஃபாயில் மெல்லிசு பட்டை சுத்தித்தான் டயர் மாட்டுனேன், அடியில ரெண்டு சின்ன மரக்கட்டை வச்சு டயர்ல எடை ஏறாம நிப்பாட்டியிருக்கேன், இது வரைக்கும் ஒரு பள்ளமும் விழல.

அலமாரி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடையில பிடிச்ச தேக்குக் கண்ணாடி அலமாரி. கதவு இடுக்குல பஞ்சு நாடா ஒட்டியிருக்கேன், தூசிக்கு இல்ல, பல்லிக்கு. வளவை (வீட்டு நடு முற்றத்தை) ஒட்டுன சுவர்ல வைக்காதீங்க, மழைன்னா அங்க ஈரம் ஏறும், உள் அறைக்குத் தள்ளிடுங்க.

வாங்கலாமான்னு கேட்டா, கூரியர் கஸ்டம்ஸ் எல்லாம் சேத்து அஞ்சு இலக்கத்துக்குப் போயிடும், சும்மா இல்ல. 1/24ல ஒண்ணு ரெண்டு கட்டிப் பழகுனவங்களுக்கு தைரியமா சொல்லுவேன், முதல் கிட்டே இதுதான்னா கொஞ்சம் பொறுங்க. எடுக்கிறவங்க ஆவணியில ஆர்டர் போடுங்க, புரட்டாசிக்குள்ள கைக்கு வந்துடும், மழை மாசம் பூரா பெயிண்ட் இல்லாம இன்ஜினும் அடிச்சட்டமும் கட்டிட்டு இருங்க, பாடியை மட்டும் பொங்கல் கழிஞ்சு எடுங்க.