இடப்பக்கம் விடை, வலப்பக்கம் குழந்தை: பள்ளி டிராயிங் புத்தகத்தோடு ஒரு வருடம்

பள்ளியில் கொடுத்த டிராயிங் புத்தகத்துக்கு யாராவது ரிவ்யூ எழுதுவார்களா என்று வீட்டில் சிரித்தார்கள். செருப்புக்கு எழுதுகிறோம், போன் கவருக்கு எழுதுகிறோம், ஒரு குழந்தை வருடம் முழுக்க வாரத்துக்கு இரண்டு பீரியட் கையில் வைத்திருக்கிற பொருளுக்கு எழுதினால் என்ன குறைந்துவிடும்? எந்தப் பதிப்பகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பயனில்லை, இந்த வகைப் புத்தகங்கள் எல்லாமே ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கின்றன. என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு.

முதலில் பொருளைப் பற்றி. 48 பக்கம். இடப்பக்கம் பளபளவென்று வண்ணம் தீட்டி முடித்த படம், வலப்பக்கம் அதே படம் வெறும் கோட்டில். பாதிக்கு மேல் கோடு புள்ளிகளாக மாறுகிறது, கடைசிப் பக்கங்களில் காலிக் கட்டம், 'பார்த்து வரைக' என்ற ஒரு வரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதி, கையெழுத்து, கிரேடு என்று மூன்று கட்டங்கள். பின்னட்டையில் 24 நட்சத்திர ஸ்டிக்கர். தாள் நல்ல கனம், ஸ்கெட்ச் பேனாவால் அழுத்தித் தேய்த்தாலும் மறுபக்கம் ஊறவில்லை. நடுவில் பின் அடித்திருப்பதால் மேசையில் மல்லாந்து படுக்கிறது, குழந்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் அல்லாட வேண்டியதில்லை. கோடு தடிமனாக இருப்பதும் நல்லதுதான், க்ரேயான் பிடிக்கப் பழகுகிற விரல்களுக்கு அது ஒரு வேலி மாதிரி உதவுகிறது. இதுவரை குறை ஒன்றும் இல்லை.

குறை ஆறாவது பக்கத்தில் ஆரம்பித்தது. இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு வீடு, அதாவது நாம் எல்லோரும் வரைந்த அதே படம். வலப்பக்கத்தில் என் மகள் வானத்துக்குத் தாளின் மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நீலப் பட்டை மட்டும் போட்டுவிட்டு மீதியை அப்படியே விட்டிருந்தாள். அதன் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் 'வானத்தை முழுதாக நிரப்பவும்', கிரேடு பி. ஏன்டா கண்ணு இப்படி விட்டே என்று கேட்டேன். "வானம் மேலதானேம்மா இருக்கு. நடுவுல இருக்கிறது காத்து. காத்துக்குக் கலர் கிடையாது." ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, ஏழெட்டு வயதில் குழந்தைகள் இப்படித்தான் வரைவார்கள் என்று. கலைக் கல்வியில் பெரிய பெயரான விக்டர் லோவன்ஃபெல்ட் 1940களிலேயே இதை ஒரு வளர்ச்சிக் கட்டமாக எழுதிவைத்திருக்கிறார். கீழே தரைக்கு ஒரு கோடு, மேலே வானத்துக்கு ஒரு பட்டை, பஸ் வரைந்தால் பக்கவாட்டுத் தகரத்தையும் மீறி உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் கால் வரைக்கும் தெரிவார்கள். கண்ணுக்குத் தெரிவதை அந்த வயதில் வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறார்கள். ஆக, பி வாங்கியது அவளுக்குத் தெரிந்த வானம்.

ஆசிரியரைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. நாற்பது குழந்தை, ஒரு பீரியட், அதற்குள் நாற்பது நோட்டும் திருத்தியாக வேண்டும். நாற்பது பேரும் ஒரே மலையை ஒரே பச்சையில் தீட்டியிருந்தால் புரட்டிப் புரட்டி டிக் போட்டுவிடலாம். நாற்பது விதமான மலை வந்தால் ஒவ்வொன்றுக்கும் நின்று, இது என்ன என்று கேட்க வேண்டும், அதற்கு ஏது நேரம்? எனக்கு இங்கேதான் பொறி தட்டியது. இந்தப் புத்தகத்தைக் குழந்தைக்காகச் செய்யவில்லை, திருத்துகிறவருக்காகச் செய்திருக்கிறார்கள். அடியில் உள்ள மூன்று கட்டங்களில் ஒன்றுகூடக் குழந்தை நிரப்புவதற்கு இல்லை, படத்துக்குப் பேர் வைக்க ஒரு கட்டம் கொடுத்திருக்கலாமே!

சரி, இடப்பக்க மாதிரிப் படம் அப்படி என்ன கெடுத்துவிடும்? எலிசபெத் போனவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலான உளவியல் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகளிடம் புதுசாகச் செய்த ஒரு பொம்மையைக் கொடுத்தார்கள். ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும், இன்னும் விளக்கு, இசை, கண்ணாடி என்று ஒளித்துவைத்த வேறு வேலைகளும் உண்டு. சில குழந்தைகளுக்கு 'பார், இது இப்படித்தான் வேலை செய்யும்' என்று கீச் சத்தத்தை மட்டும் பாடமாகக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு அது தற்செயலாக நடந்த மாதிரி, அல்லது ஒன்றுமே காட்டாமல் விட்டார்கள். பாடம் கேட்ட குழந்தைகள் கீச்சையே திரும்பத் திரும்பச் செய்தார்கள், சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள், ஒளிந்திருந்த மற்றவற்றைக் குறைவாகவே கண்டுபிடித்தார்கள். குழந்தை மக்கு என்று அர்த்தமில்லை, சொல்லப்போனால் ரொம்பப் புத்திசாலித்தனமான முடிவு அது: பெரியவர் காட்டியது இவ்வளவுதான் என்றால் இதில் இருப்பதும் இவ்வளவுதான் போல. இடப்பக்கமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

வீட்டில் சோதித்துப் பார்த்தேன். விடுமுறையில் இடப்பக்கங்களைப் பழைய செய்தித்தாள் வைத்து கிளிப் போட்டு மூடிவிட்டேன். குடை வந்த பக்கத்தில் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டு அதைப் படகு என்றாள். கைப்பிடி பாய்மரம், அதன் வளைவில் ஒரு காக்கா, கீழே கடல், கடலுக்குள் யாரோ தொலைத்த ஒரு சாக்ஸ். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் உண்மையையும் சொல்லிவிடுகிறேன், எல்லாப் பக்கமும் இப்படி ஆகவில்லை. அடுத்த மூன்று பக்கங்களுக்கு "எந்தக் கலர்மா அடிக்கணும்?" என்றுதான் கேட்டாள். காலிக் கட்டத்துக்கு முன்னால் பத்து நிமிடம் பென்சிலைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, செய்தித்தாளைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டு வரைந்தாள். ஒன்றரை வருடப் பழக்கம், ஒரு கிளிப்பில் போய்விடுமா?

அப்புறம் அந்த ஸ்டிக்கர். சும்மா கிடந்ததை எடுத்துக் கொடுக்கிறார்கள், அதில் என்ன என்று நானும் நினைத்தேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் செய்த சோதனையைப் படித்தபிறகு அந்தப் பின்னட்டையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்கு வரைந்து முடித்தபின் எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் பேனாக்களைச் சும்மா போட்டுவைத்துப் பார்த்தால், பரிசு பேசி வரையவைத்த குழந்தைகள் மற்றவர்கள் செலவழித்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழி நட்சத்திரத்தின் மேல் இல்லை, 'செய்தால் தருவேன்' என்கிற பேரத்தின் மேல். இந்தப் புத்தகமோ அந்தப் பேரத்தை அட்டையிலேயே அச்சடித்து விற்கிறது.

இதோடு நிறுத்தினால் 'பள்ளிதான் கற்பனையைக் கொல்கிறது' என்கிற வழக்கமான புலம்பலாகிவிடும், அதில் எனக்கு முழுசாக உடன்பாடு இல்லை. நான்காம் வகுப்பு வாக்கில் குழந்தைகளின் படைப்புத்திறன் மதிப்பெண் சரிவதை பால் டோரன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களிலேயே கவனித்து எழுதினார், பலரும் அதைப் பள்ளியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒன்பது பத்து வயதில் குழந்தைக்கே தான் வரைவது நிஜம் மாதிரி இல்லையே என்ற உறுத்தல் வந்துவிடுகிறது, லோவன்ஃபெல்ட் அதையும் சொல்கிறார். என் மூத்தவனுக்குப் பத்து வயது, "எனக்கு வரையவே வராதும்மா" என்கிறான். அவனுக்கு இப்போது வேண்டியது சுதந்திரம் இல்லை, அது அவனிடம் நிறைய இருக்கிறது. தூரத்தில் இருப்பது ஏன் சின்னதாகத் தெரிகிறது, நிழல் எந்தப் பக்கம் விழும் என்று யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும், பார்த்துப் பார்த்து நாலு முறை வரைய வேண்டும். கட்டுக்கோப்பான பள்ளிப்படிப்புக்குப் பேர்போன சிங்கப்பூர்தான் பிசா என்ற சர்வதேச மாணவர் தேர்வின் 2022ஆம் வருடப் படைப்புச் சிந்தனைப் பகுதியில் 60க்கு 41 வாங்கி முதலிடம் பிடித்தது, அதை நடத்துகிற ஓஇசிடி என்ற, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த அமைப்பின் சராசரி 33. அது 15 வயதுப் பிள்ளைகளின் தேர்வு, டிராயிங் புத்தகத்துக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லிக்கொடுத்தாலே கற்பனை போய்விடும் என்று பேசுகிறவர்கள் அதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆக, இந்தப் புத்தகம் தவறான வயதில் கைக்கு வருகிறது என்பதுதான் என் புகார். மாதிரி தேவையே இல்லாத ஏழு வயதில் பக்கத்துக்குப் பக்கம் மாதிரி. மாதிரிக்கு ஏங்குகிற பத்து வயதில் பார்த்தால் டிராயிங் பீரியடையே கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

மதிப்பெண்: 5க்கு 2.5. அதில் இரண்டு தாளுக்கும் பைண்டிங்குக்கும், அரை அந்தப் படகுக்கு. பள்ளியில் வாங்கியே ஆக வேண்டும் என்றால் வாங்குங்கள், கூடவே கோடு போடாத வெள்ளை நோட்டு ஒன்றும் வாங்கிவிடுங்கள், அதில் யாரும் கிரேடு போடக் கூடாது, நீங்களும்தான். கைப்பழக்கத்துக்கு என்றால் வலப்பக்கம் போதும். பதிப்பகத்தார் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று: கணக்குப் புத்தகத்தில் விடைகளைக் கடைசியில்தானே போடுகிறீர்கள்? படத்துக்கும் அப்படியே போடுங்கள்.

அடுத்த வருடப் புத்தகம் போன வாரம் வந்தது. ஸ்டிக்கர் தாளை முதல் நாளே கிழித்து அவளிடம் கொடுத்துவிட்டேன், எதற்கும் இல்லை, சும்மா. 24இல் 23 ஃபிரிட்ஜ் கதவில் இருக்கின்றன. ஒன்றை நான் தூங்கிக்கொண்டிருந்தபோது என் மூக்கில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.