பழைய ஜென்: உதறலும் ஆயில் ஒழுகலும் ஒரே இடத்திலிருந்து

எங்கள் மாருதி ஜென் கார் 1998 மாடல். 993 சிசி, நாலு சிலிண்டர், கார்பரேட்டர் வண்டி. ஒன்பது வருடமாக என்னிடம் இருக்கிறது. வீடு செங்கோட்டை, மனைவியின் ஊர் புனலூர். மாதம் இரண்டு தடவையாவது புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போய் வருவோம். ஏசி போட்டால் ஏற்றத்தில் திணறும் என்பதைத் தவிர, இன்ஜினைப் பற்றிப் பல வருடம் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

போன வருடம் ஜூனில், சாரல் பிடித்த நேரத்தில், ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) உதற ஆரம்பித்தது. ஈரம்தான் காரணம் என்று நினைத்தேன். ராத்திரி பானெட்டைத் திறந்து, லைட்டை அணைத்து ப்ளக் வயர்களைப் பார்த்தேன். ஒன்றில் நீலப்பொறி ஓடியது. நாலு வயர், நாலு ப்ளக் எல்லாம் மாற்றினேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் பழையபடி உதறல். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவியும் மாற்றமில்லை.

இதற்கிடையில் வாசல் சிமெண்டில் ஆயில் சொட்டத் தொடங்கியது. மலை ஏறி வந்த நாளில் சொட்டு கூடுதல். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் முழுக்க நனைந்திருந்தது. பட்டறையில் ஒரே பார்வையில் முடிவு சொன்னார்கள்: "கிரான்க் சீல் போயிருச்சு சார், கியர்பாக்ஸ இறக்கணும். இறக்குறதோட கிளட்ச்சையும் மாத்திருங்க." இன்ஜினின் முக்கியத் தண்டான கிரான்க் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்தான் அந்த சீல். கூலியும் சாமானும் பெரிய தொகை.

ஆரியங்காவில் இருக்கும் மாமா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். போனில் கேட்டுவிட்டு, "மொதல்ல கழுவுங்க மாப்ளே. ஆயில் கீழதான் இறங்கும், மேல எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க" என்றார்.

கழுவினேன். காய்ந்ததும் இன்ஜின் பின்பக்கம் முழுக்க முகப் பவுடரைத் தூவி, புளியரை வரை போய்த் திரும்பினேன். வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு. கீழே கியர்பாக்ஸில் அகலமாக இருந்தது, மேலே போகப் போக மெலிந்து, ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் உட்காரும் இடத்தில் முடிந்தது. ஹெட் கவர் பேக்கிங் காய்ந்தே இருந்தது. இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் முனையில், கியர்பாக்ஸுக்கு நேர் மேலே இருக்கிறது. அங்கே இருக்கும் ஓ ரிங் (ரப்பர் வளையம்) இறுகிப்போனால் ஆயில் நேராகக் கீழே இறங்கி, பார்ப்பவர்களுக்குக் கிரான்க் சீல் கசிவு மாதிரியே தெரியும்.

உதறலுக்கும் விடை அங்கேயே கிடைத்தது. அதற்கு முன்பே ஒரு துப்பு இருந்திருக்கிறது, நான்தான் பிடிக்கவில்லை. ஐடிலிங்கில் ஒவ்வொரு ப்ளக் வயராகக் கழற்றிப் பார்ப்போம் இல்லையா (கழற்றிய வயரில் பழைய ப்ளக் ஒன்றை மாட்டி, அது எர்த் ஆகும்படி வைக்க வேண்டும்). எந்த வயரைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் தூங்குகிறது. எனக்கு ஒரு நாள் மூன்றாவது, மறுநாள் முதலாவது என்று மாறிக்கொண்டே இருந்தது. ஒரே சிலிண்டர் என்றால் ப்ளக், வயர், வால்வு என்று தேடலாம். இடம் மாறினால் நாலுக்கும் பொதுவான இடத்தைத்தான் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே ஆயில் மினுமினுப்பு, சுழன்று மின்சாரத்தைப் பிரிக்கும் ரோட்டரின் முனையில் கறுப்புப் பிசின். உள் சீலும் போயிருந்தது; அந்த வழியாக ஆயில் உள்ளே வந்து பொறியைக் கெடுத்திருக்கிறது.

உட்கார்ந்திருந்த இடத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு கழற்றினேன். இல்லாவிட்டால் டைமிங் (பொறி வரும் நேரம்) மாறிவிடும். ஓ ரிங், உள் சீல், மூடி, ரோட்டர் எல்லாம் சேர்த்து பட்டறை சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வையும் கழற்றி ஆட்டிப் பார்த்தேன். கடகடவென்று சத்தம் வர வேண்டும், வரவில்லை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே வரும் வாயு வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். ஏற்றத்தில் பாரம் கூடும்போது இந்த வாயுவும் கூடும். மலைக்குப் போன நாளில் சொட்டு அதிகமானதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதையும் மாற்றிவிட்டேன்.

எட்டு மாதம் ஆகிறது. ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரிக்கிறேன், காலையில் காய்ந்தே இருக்கிறது. டிரெயின் போல்ட்டில் மட்டும் லேசான ஈரம். அடுத்த ஆயில் மாற்றும்போது வாஷரை மாற்ற வேண்டும்.