கம்ப்ரசரில் கோளாறு என்றார்கள், கோளாறு அவர்கள் தெர்மோஸ்டாட் பொருத்திய சுவரில்

வீடு முழுவதற்கும் ஒரே குளிரூட்டும் இயந்திரம், அறை வெப்பநிலையைப் பார்த்து அதை ஓடவும் நிற்கவும் வைக்கச் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட் என்று வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய தெர்மோஸ்டாட்டை மாற்ற வந்த நிறுவனம் எங்கள் வீட்டில் வேலையைக் கெடுத்தது. பிறகு, தான் கெடுத்த வேலையையே காரணம் காட்டி, தேவையில்லாத இன்னொரு செலவையும் எங்கள் தலையில் கட்டியது.

வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. குளிர்காற்று வெளியே வரும் துளைக்கு நேர் எதிரே, கைக்கு எட்டிய சுவரில் கருவியை மாட்டினார். வயர் வருவதற்காகப் போட்ட ஓட்டையை அடைக்கவில்லை. எப்போதும் காற்று வரட்டும் என்று விசிறியை நிறுத்தாமல் ஓடும்படி வைத்தார். சீக்கிரம் குளிர வேண்டுமானால் 18 டிகிரியில் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து இயந்திரம் ஓடுவதும் நிற்பதுமாகவே இருந்தது. ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் நின்றுவிடும். நின்ற சூடு ஆறுவதற்குள் மறுபடியும் ஓடும். படுக்கையறை மட்டும் புழுங்கிக்கொண்டே இருந்தது. புகார் சொன்னதும் அதே நிறுவனத்திலிருந்து வேறொருவர் வந்தார். அழுத்தமானியை எடுக்கவே இல்லை. சத்தத்தைக் காதால் கேட்டார். "கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது, கேஸ் குறைந்திருக்கிறது" என்றார். அங்கேயே கேஸ் ஏற்றி, பில்லையும் நீட்டினார்.

எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். குளிரூட்டும் கேஸ் எரிபொருள் போலச் செலவாகித் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல், அழுத்தத்தை அளக்காமல் கேஸ் ஏற்றுபவர் உங்களிடம் பணம் பறிக்கிறார், அவ்வளவுதான். அளவுக்கு மேல் ஏற்றினால் அழுத்தம் கூடி, நன்றாக இருந்த கம்ப்ரசரும் கெடும்.

பிறகு நாங்கள் அழைத்த வேறொரு டெக்னீஷியன் முதலில் செய்தது, தெர்மோஸ்டாட் பக்கத்தில் ஒரு வெப்பமானியும் படுக்கையறையில் இன்னொன்றும் வைத்ததுதான். கருவியை 24-ல் வைத்து இயந்திரத்தை ஓடவிட்டபோது கருவியின் பக்கத்தில் 24, படுக்கையறையில் 28. எதிரே இருந்த துளையிலிருந்து குளிர்காற்று நேராக அடித்ததும் வீடே குளிர்ந்துவிட்டதாகக் கருவி எண்ணிக்கொண்டது. இயந்திரம் நின்ற பிறகு, அடைக்காத ஓட்டை வழியே சுவருக்குள்ளிருந்து வெப்பக் காற்று வந்து அதே சென்சாரைச் சூடாக்கியது. போதாக்குறைக்கு, வெப்பநிலை அரை டிகிரி ஏறினாலே மறுபடி ஓடும்படி வைத்திருந்தார்கள். இத்தனையும் சேர்ந்தால் எந்த இயந்திரத்தால் நிதானமாக ஓட முடியும்? அழுத்தத்தையும் அளந்தார்; இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. ஏற்றிய கேஸை வெளியே எடுக்கவும் நாங்களே பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

சுவருக்குள் வந்த கேபிளில் ஒரு வயர் சும்மா மடக்கி விடப்பட்டிருந்தது. டிஜிட்டல் கருவிக்கு இடைவிடாமல் மின்சாரம் தருகிற பொது வயராக, சி வயர் என்பார்களே, அதையே இணைத்திருக்கலாம். இணைக்காததால் திரை அவ்வப்போது மங்கி, கருவி தானாக அணைந்து எழுந்துகொண்டிருந்தது.

கருவியை உட்சுவருக்கு மாற்றினார். தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரம்; வெயில், சமையலறைச் சூடு, விளக்கு, தொலைக்காட்சி, வாசற்கதவு எதுவும் பக்கத்தில் இல்லாத, அறைக் காற்று இயல்பாக வந்துபோகும் இடம். ஓட்டையைப் புட்டி வைத்து அடைத்தார். மறுபடி ஓடுவதற்கான அந்த அரை டிகிரி இடைவெளியை 1 டிகிரியாக்கினார். நின்ற கம்ப்ரசர் 5 நிமிடம் கழியாமல் மறுபடி ஓடாதபடி வைத்தார். விசிறியை, கம்ப்ரசரோடு சேர்ந்தே ஓடி நிற்கும் ஆட்டோவுக்கு மாற்றினார். கம்ப்ரசர் நின்ற பிறகும் விசிறி ஓடினால், குளிர்ச் சுருளில் படிந்த ஈரம் ஆவியாகி மறுபடியும் வீட்டுக்குள்ளேயே வருமாம். எங்கள் புழுக்கத்தில் பாதி அதனால்தான். இப்போது 25 டிகிரியில் வைத்தால் வீடு 25-ஐ ஒட்டியே நிற்கிறது.

18 டிகிரி யோசனையை இன்னும் பலர் நம்புகிறார்கள். எங்களுடையதைப் போல ஒரே வேகத்தில் ஓடும் கம்ப்ரசர் 18-க்கும் 25-க்கும் ஒரே அளவில்தான் குளிர்விக்கும். எண்ணைக் குறைத்தால் வேகம் கூடாது, நிற்காமல் ஓடும் நேரம்தான் கூடும். இன்வெர்ட்டர் வகை இயந்திரமாக இருந்தால் தெர்மோஸ்டாட் வாங்கும் முன்பே இன்னொன்றையும் கேளுங்கள். "ஓடு, நில்" என்று மட்டும் சொல்லத் தெரிந்த தெர்மோஸ்டாட்டை அதில் மாட்டினால், வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் அதன் திறமை பெரும்பாலும் வீணாகிவிடும். உங்கள் இயந்திரத்தின் மாடல் எண்ணைச் சொல்லி, இரண்டும் பொருந்தும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

அந்த நிறுவனம் இன்றுவரை பணத்தைத் திருப்பித் தரவில்லை. கருவிக்குத்தான் உத்தரவாதம், பொருத்திய இடத்துக்கு இல்லை என்கிறது. ஆகவே, கருவியை மாட்டும் இடம், சி வயர் இணைப்பு, ஓட்டை அடைப்பு மூன்றும் பில்லில் வர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பின்னால் யாராவது கேஸ் குறைவு என்றால், அழுத்தமானி காட்டும் அளவை முதலில் உங்கள் கண்ணால் பாருங்கள். கசிவு எந்த இடத்தில் என்று காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.