காது தெரிய வேண்டுமா, மறைய வேண்டுமா? புறக்கோட்டைச் சீருடைத் தையற்கடை ஒன்றைப் பற்றி

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசலைத் தாண்டிச் சற்று நடந்து, பொத்தான் மொத்த வியாபாரக் கடையொன்றின் பக்கவாட்டில், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய மரப்படிகளில் ஏறினால் இந்தத் தையற்கடை வரும். பெயர்ப்பலகை கிடையாது. பெயரை எங்கும் போட வேண்டாமென்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் நானும் எழுதவில்லை. கீழே பொத்தான் கடையில் "சீருடை தைக்கிற நானா" (முஸ்லிம்களின் வழக்கில் அண்ணன்) என்று கேட்டாலே கையை மேலே காட்டுவார்கள். பாடசாலைச் சீருடை, அலுவலகச் சீருடை, ஹபாயா எனும் நீண்ட தளர்வான மேலங்கி, பர்தா எனும் தலைத்துணி ஆகியவையே இங்கே தைக்கப்படுகின்றன. கடந்த இரண்டு மாதங்களில் எங்கள் நிறுவனத்துக்காக நான்கு முறை இந்தப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன்.

கொள்ளுப்பிட்டியில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்களை நேரில் சந்திக்கும் பதினான்கு பெண்களுக்குப் புதிய சீருடை கொடுப்பதென்று முடிவாயிற்று. அவர்களில் இருவர் தலையை மூடுகிறவர்கள். சீருடை என்றால் எல்லோரும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும், முன்மேசையில் மத அடையாளங்களுக்கு இடமில்லை என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்; ஐரோப்பாவில் நீதிமன்றமே அப்படித்தான் தீர்ப்பளித்திருக்கிறது என்றும் சொன்னார். அவர் சொன்னது பாதி உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 மார்ச் 14ஆம் திகதி, பெல்ஜியத்தில் வரவேற்பாளராக இருந்த பெண்ணொருவரின் வழக்கில், மத, அரசியல், தத்துவ அடையாளங்கள் அனைத்தையும் வேறுபாடின்றி விலக்கும் விதியொன்று நிறுவனத்தில் இருந்தால் அது நேரடிப் பாகுபாடு ஆகாது என்று கூறியது. அதே நாளில், பிரான்சிலிருந்து வந்த இன்னொரு வழக்கில், வாடிக்கையாளர் விரும்பவில்லை என்பதைக் காரணமாகக் காட்டித் தலைத்துணியைக் கழற்றச் சொல்ல முடியாது என்றும் கூறியது. முதல் தீர்ப்பை மட்டும் எடுத்துச் சொன்னவரின் மணிக்கட்டில் பௌத்தர்கள் காப்பாகக் கட்டும் பிரித் நூல் கட்டியிருந்தது. என் நெற்றியில் பொட்டு இருந்தது. எல்லா அடையாளங்களும் என்றால் இவை இரண்டையும் சேர்த்துத்தானே என்று நான் கேட்டேன். கூட்டம் சிறிது நேரம் துணியின் நிறத்தைப் பற்றிப் பேசியது.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லிவிட வேண்டும். நமது நாட்டில் அடிப்படை உரிமை மனுவை அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு எதிராக மட்டுமே தாக்கல் செய்யலாம். தனியார் நிறுவனமொன்றில் தலைத்துணியைக் கழற்று என்று மேலாளர் சொன்னால், மத சுதந்திரத்தைத் தரும் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட முடியாது. ஆகவே அன்றைய மேசையில் இருந்தவர்களின் மனப்போக்கிலேயே எல்லாம் தங்கியிருந்தது. இறுதியில், சீருடையின் அதே நிறத்தில் தலைத்துணியும் தைத்துக் கொடுப்பதென்று ஒப்புக்கொண்டார்கள். அதை ஒழுங்காகத் தைக்கத் தெரிந்த கடையைத் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கடையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அவர்களுடைய கொப்பியைப் பற்றி. நானா அளவு நாடாவைத் தொடுவதற்கு முன் தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்றை விரித்து, எந்த இடத்துக்கு என்றும் அங்கே என்ன சட்டம் என்றும் கேட்டார். கொழும்பிலும் வெளியூர்களிலும் உள்ள பாடசாலைகள், அலுவலகங்கள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கிறது: சட்டை முழங்காலுக்குக் கீழே எத்தனை அங்குலம், கை எதுவரை, பர்தா வெறும் வெள்ளையா கரை வைத்ததா, முன்பக்கம் எவ்வளவு இறங்க வேண்டும். அதிபர் மாறினால் விதி மாறுகிறது, விதி மாறினால் பழையதைச் சிவப்பு மையால் வெட்டிப் புதியதை எழுதுகிறார். சில பக்கங்களில் நான்கைந்து சிவப்புக் கோடுகள். கடைசி நிரலின் தலைப்பு 'காது'.

"காது தெரியணுமா மிஸ், மறையணுமா?" என்று அவர் கேட்டபோது எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் திருகோணமலை ஞாபகம் வந்தது. காதுகளை மறைத்தபடி பரீட்சை எழுதினார்கள் என்று சொல்லி, திருகோணமலை ஸாஹிரா கல்லூரியின் 70 மாணவிகளுடைய உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் 2024ஆம் ஆண்டில் நிறுத்திவைக்கப்பட்டன. காதுக்குள் ஒலிக்கருவி வைத்துவிடக் கூடும் என்ற அச்சம் அதிகாரிகளின் பக்கத்து நியாயம். பரீட்சை மண்டபத்தின் வாசலில் ஒரு பெண் அலுவலர் பார்த்துவிட்டு உள்ளே விட்டிருந்தால் தீர்ந்திருக்கும் என்பது என் பக்கத்து நியாயம். கடை இந்தச் சிக்கலுக்குத் தன் வழியில் ஒரு விடை வைத்திருக்கிறது. உள்தொப்பியும் மேல்துணியும் தனித்தனியாக இல்லாமல் ஒரே துண்டாகத் தைத்து, காதுப் பக்கத்தில் உள்ளே மடிந்திருக்கும் தளர்வான மடிப்பொன்றை விடுகிறார்கள். கேட்டால் இரண்டு விரலால் விலக்கிக் காட்டலாம், விட்டால் தானாக மூடிக்கொள்ளும். ஊக்கு எதுவும் தேவையில்லை. எங்கள் அலுவலகத்தில் தலையை மூடும் அந்த இரு பெண்களுக்கும் இதையே தைப்பித்தேன். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து வரை அணிந்திருந்தும் நெற்றியில் இறுக்கிய தடம் விழவில்லை என்றும், தொலைபேசியில் பேசும்போது ஒலிவாங்கி துணியில் உரசவில்லை என்றும் இருவரும் சொன்னார்கள். துணி விஸ்கோஸ் கலந்தது. கொழும்பு வெயிலுக்குத் தாங்கும். தலைத்துணி ஒன்று 1,100 ரூபா, சட்டையும் நீள்காற்சட்டையும் சேர்த்து 5,400 ரூபா.

அந்த 1,100 ரூபாத் துணியைக் கையில் வாங்கியபோது கர்நாடகத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சீருடையின் நிறத்திலேயே தலைத்துணி அணிய விடுங்கள் என்பது அங்கே வகுப்பறையில் தலைத்துணிக்கு விதித்த தடையை எதிர்த்து வழக்குப் போட்ட மாணவிகள் கேட்டவற்றில் ஒன்று. 2022 மார்ச் 15ஆம் திகதி கர்நாடக உயர் நீதிமன்றம் 129 பக்கத் தீர்ப்பில் அதையும் மறுத்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் எதிரெதிராகத் தீர்ப்பெழுதினார்கள். ஒரு பிள்ளை வகுப்பறைக்குள் போவதா வாசலில் நிற்பதா என்ற கேள்வி ஒரு முழத் துணியில் தொங்கியதையும், அந்தத் துணியை இந்தக் கடையில் ஒருவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் வெட்டிவிடுவதையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குக் கடினமாக இருந்தது.

பெண்களுக்கு அளவு எடுப்பது திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு ராத்தா (அக்கா). இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். நான் காத்திருந்த ஒரு சனிக்கிழமை, பத்தாம் வகுப்புப் பிள்ளையொன்றுடன் ஒரு தாய் வந்திருந்தார். பர்தா இடுப்புவரை இறங்க வேண்டுமென்று தாய் சொல்ல, பிள்ளை பேசாமல் நின்றது. "ஒனக்கு எது லேசு மகள்?" என்று ராத்தா பிள்ளையைக் கேட்டார். விளையாட்டுப் பாட நேரத்தில் காற்றில் பறக்கிறது என்று பிள்ளை சொல்லிற்று. முழங்கைக்குச் சற்று மேலே நிற்கிற மாதிரி ஒன்று, வெள்ளிக்கிழமைக்கு நீளமாக ஒன்று என்று பேசி முடிந்தது. தலைத்துணியைத் தடைசெய்ய வேண்டுமென்று வாதிடுகிறவர்கள், பிள்ளைகள் மேல் வீட்டார் திணிக்கிறார்கள் என்கிறார்கள். அப்படி நடப்பதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஈரானில் தலைத்துணியைச் சரியாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி 2022 செப்டெம்பரில் காவலில் இருந்தபோது இறந்ததை நாமெல்லோரும் படித்தோம். ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் கேட்கப்பட்ட கேள்வியை, கட்டாயமாக அணிவிக்கிற அரசும் கேட்பதில்லை, கட்டாயமாகக் கழற்றுகிற அரசும் கேட்பதில்லை.

நானாவிடம் கதை கேட்க உட்கார்ந்தால் வேலை தாமதமாகும் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறேன், இருந்தாலும் கேட்டேன். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், ஏப்ரல் 29ஆம் திகதி அவசரகால விதிகளின் கீழ் முகத்தை மறைக்கும் உடைக்குத் தடை வந்தது. அன்று முன்னால் தொங்கிய நிகாப்களை எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டி, அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார். அவசரகால நிலை அந்த ஓகஸ்ட்டில் முடிந்துவிட்டது. பெட்டி இன்னும் இறங்கவில்லை. வாங்க ஆளில்லையா என்று கேட்டதற்கு, கேட்பவர்கள் இருக்கிறார்கள், தொங்கவிடத்தான் மனம் வரவில்லை என்றார். முகத்தை மூடுவது பற்றி எனக்குச் சொந்தமாக ஒரு தயக்கம் உண்டு: வங்கியிலோ விமான நிலையத்திலோ முகம் காட்டச் சொல்வதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வாரங்களில் நிகாப் அணியாதவர்கள், வெறும் தலைத்துணி அணிந்தவர்கள், வைத்தியசாலை வாசல்களிலும் அலுவலக வாசல்களிலும் நிறுத்தப்பட்டார்கள். முகத்துக்கென்று போட்ட தடை தலை வரை ஏறிற்று. மே 29ஆம் திகதி பொது நிருவாக அமைச்சு, அரச அலுவலகப் பெண்கள் சேலை அல்லது ஒசரி (கண்டியச் சேலை) அணிய வேண்டுமென்று சுற்றறிக்கை விட்டபோது உடல் முழுவதற்கும் பரவிற்று. எதிர்ப்பு வந்த பின்னரே அதைத் திருத்தினார்கள். அந்தச் சில நாள்களில் கடைக்கு ஹபாயாவைக் கொண்டுவந்து, அதன் துணியிலேயே சேலைக்கு நீளக்கை இரவிக்கை தைத்துக் கேட்டவர்கள் இருந்தார்களாம்.

சேலையும் ஒன்றும் எளிதில் தப்பிய உடை அல்ல. 2022 நவம்பரில் ஆசிரியைகள் சிலர் வேறு உடையில் பாடசாலைக்குப் போனபோது எழுந்த சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். தமிழர்களாகிய நாங்கள் இந்த விடயத்தில் எப்போதும் பாதிக்கப்பட்ட பக்கத்திலேயே நிற்கவும் இல்லை. 2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் ஹபாயா அணிந்து வந்ததை எதிர்த்துப் பெற்றோர்கள் வாசலில் நின்றார்கள். சேலையே பாடசாலையின் மரபு என்றார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளுக்குச் சார்பாகப் பரிந்துரைத்த பின்னரும், 2022 பெப்ரவரியில் ஓர் ஆசிரியை கடமைக்குத் திரும்பியபோது அங்கே மறுபடி பதற்றம் ஏற்பட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் பெரியம்மாதான் கண்ணுக்குள் வந்தார். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீட்டைவிட்டு இறங்குமுன் அவர் முதலில் செய்த வேலை நெற்றிப் பொட்டை ஈரத்துணியால் அழித்ததுதான். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு இன்னொருத்தியின் தலைத்துணியைப் பார்த்து 'இங்கே இது கூடாது' என்று சொல்ல நா எழாது.

கடையிலிருந்து புதுக்கடை நீதிமன்றங்களுக்கு நடந்தே போகலாம். 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்ற, தலைமை நீதியரசர் லேயார்ட் அதை அனுமதிக்கவில்லை. அந்த டிசெம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். உடை பற்றிய சண்டை இந்த நகருக்குப் புதியது போலப் பேசுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நானாவின் கொப்பியில் தொப்பிக்கு நிரல் கிடையாது.

இன்னொன்றையும் கேட்டுப் பார்த்தேன். பிரான்சில் அரச பாடசாலைகளில் கண்ணைப் பறிக்கும் மத அடையாளங்களுக்கு 2004 மார்ச்சில் இயற்றிய சட்டத்தால் தடை உண்டு. 2023 ஓகஸ்ட்டில் ஹபாயாவும் அதற்குள் வரும் என்று அறிவித்தார்கள், செப்டெம்பரில் அந்நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றமும் அந்தத் தடையை நிறுத்திவைக்க மறுத்தது. நீண்ட சட்டைக்கும் ஹபாயாவுக்கும் வெட்டில் என்ன வித்தியாசம் என்று நானாவிடம் கேட்டேன். அவர் சுவரில் தொங்கிய காகித மாதிரி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "ரெண்டும் இதுதான் மிஸ். பேருதான் வேற" என்றார். அதே மாதிரியில் வெட்டிய பூப்போட்ட சட்டை ஒன்று அன்று வெள்ளவத்தைக் கடைக்காரர் ஒருவருக்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பாடசாலை வாசலில் நிற்கும் பிரெஞ்சு அதிகாரி அந்தப் பிள்ளையின் உடையைப் பார்த்தா முடிவெடுப்பார், பெயரைப் பார்த்தா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் துணி அவருக்கு உதவாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பத்து நாளில் தருவதாகச் சொன்னது பதினாறு நாளாயிற்று. பதினான்கு சட்டைகளில் மூன்றின் கைப்பொத்தான்கள் முதல் வாரத்திலேயே ஆடத் தொடங்கின. கேட்டதும் இலவசமாகத் தைத்துக் கொடுத்தார்கள் என்றாலும் படியேறியது நான். அட்டைக் கொடுப்பனவு இல்லை, காசுதான், முற்பணம் பாதி. போட்டுப் பார்க்கும் இடம் ஒரு திரையும் பாதி உயரக் கண்ணாடியும் மட்டுமே, மின்விசிறியின் காற்று அங்கே எட்டாது. முழங்கால் வலி உள்ளவர்கள் அந்தப் படிகளை நம்ப வேண்டாம். எல்லாவற்றிலும் பெரிய குறை, மெரூன் துணி இரண்டு சுருளிலிருந்து வெட்டப்பட்டிருந்தது. அலுவலக விளக்கில் தெரியவில்லை, வெளியே காலி வீதி வெயிலில் நின்றால் தலைத்துணி சட்டையைவிட ஒரு சாயல் இருண்டு தெரிகிறது. ஒரே மாதிரித் தெரிய வேண்டுமென்று அவ்வளவு வாதாடிய பிறகு இப்படி ஆனதில் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. புதுச் சுருள் வந்ததும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை தவிர்க்கவும், உங்கள் பாடசாலையின் அல்லது அலுவலகத்தின் விதியை எழுத்தில் கொண்டுபோகவும். நான் எழுத்தில் கொண்டுபோகவில்லை. கடைசி நாள் கணக்கு முடித்தபோது எங்கள் பக்கத்தை எட்டிப் பார்த்தேன்: நிறம் மெரூன், ஆள் பதினான்கு, பர்தா இரண்டு. 'காது' என்ற நிரலில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என்ன எழுதட்டும் என்று அவர் பேனாவோடு கேட்டார். வெற்றிடமாகவே இருக்கட்டும் என்றேன்.